சகலை வீட்டுப் பாசி

தனக்குப் பொறாமை என்கிற குணமே கிடையாது என்று ரெங்கராஜ் பலரிடம் சொல்லியிருக்கிறார். கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் போகிற பக்கம், வாய்க்கால் கரைத் தெருவில் சொந்த வீடு. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. இப்படிப்பட்டவர் யாரைப் பார்த்து எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? பொறாமைப்பட வேண்டியது மற்றவர்கள்தான். குறிப்பாக, அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய சகலை தர்மராஜ்.

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன் தன் பழைய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, இரண்டு பெண்களுக்கும் ஆளுக்குப் பாதியாக எழுதி வைத்துவிட்டுப் போனார். மூத்தவள் மணிமேகலைக்கு மேற்குப் பாதி. அவள் கணவர்தான் தர்மராஜ். இளையவள் ஆனந்தவள்ளிக்குக் கிழக்குப் பாதி. அவளைக் கட்டியவர் ரெங்கராஜ். சொத்து கைக்கு வந்த கையோடு ரெங்கராஜ் தன் பாதியை இடித்துத் தரைமட்டமாக்கினார். முகப்பு முழுக்க டைல்ஸ், உள்ளே கிரானைட், வாசலில் அவரே வெல்டு செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட் என்று புது வீடு எழும்பியது. கொல்லையில் புல் பூண்டு தலைகாட்டாதபடி சிமெண்ட் தளம். வாய்க்கால் கண்ணில் படாதபடி ஆளுயரத்துக்கு மேல் சுவர். கொல்லையில் நின்ற பூவரசையும் வெட்டிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "இலை கொட்டுது" என்றார்.

தர்மராஜ் எதையும் இடிக்கவில்லை. எதையும் கட்டவுமில்லை. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் தரகு பார்த்த மனிதர். சுவரில் காரை பெயர்ந்து விழுந்தால் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். கொல்லைச் சுவரில் அரசங்கன்று முளைத்தபோதும் அதையேதான் சொன்னார். அது கன்று என்கிற பருவத்தைக் கடந்து மரமானபோதும் அதையேதான் சொன்னார். வாய்க்காலுக்கு இறங்கும் படிகளில் பாசி படர்ந்து, கல் எது பச்சை எது என்று தெரியாமல் போயிற்று.

கல்யாணம், காதுகுத்து என்று உறவுக்காரர்கள் வந்தால் முதலில் கிழக்குப் பாதியைச் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு மேற்குப் பாதியை எட்டிப் பார்த்துவிட்டு, "தர்மராஜு, சகலையப் பாத்துக் கத்துக்கய்யா" என்பார்கள். தர்மராஜ் வெறுமனே சிரிப்பார். அந்தச் சிரிப்பு ரெங்கராஜுக்கு ஜாங்கிரி சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் இயக்ககம் நுழைந்தது.

அதன் முழுப் பெயர், தொன்மை நகர் நிலத்தோற்ற மீட்டுருவாக்கம் மற்றும் சூழல் சுற்றுலா இயக்ககம். பெயர்ப்பலகை அலுவலகத்தின் முகப்புக்குள் அடங்கவில்லை. அதனால் கடைசிச் சொல்லை மட்டும் பக்கத்துக் கட்டடத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கே இருந்த பல் மருத்துவரிடம் வந்தவர்கள், இவர் எதை இயக்குகிறார் என்று கொஞ்ச நாள் குழம்பினார்கள்.

ஒரு நாள் காலை ஒரு பேட்டரி கார் வாய்க்கால் கரைத் தெருவுக்குள் வந்து நின்றது. இயக்ககத்தின் இணை இயக்குநர் மாதவனும், நிலத்தோற்ற ஆலோசகர் யாழினியும் இறங்கினார்கள். யாழினி சென்னையிலிருந்து வந்தவர். கழுத்தில் கேமரா, தலையில் பனையோலைத் தொப்பி. ரெங்கராஜ் தன் வீட்டைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. இந்த கேட் நானே பண்ணுனது. ஒட்டு எங்க இருக்குன்னு கண்டுபுடிங்க பாப்போம்."

யாழினி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே சொன்னார். "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஃபிரேம்ல உங்க வீடு வருது."

ரெங்கராஜ் தள்ளி நின்றார். வீடு தள்ளி நிற்க முடியாதே. அதனால் யாழினி குனிந்தும் வளைந்தும் அதைத் தவிர்த்துவிட்டு, தர்மராஜ் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டே கொல்லைக்குப் போனார். அங்கிருந்து "ஐயோ! ஐயோ!" என்று சத்தம் கேட்டது. பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து எல்லோரும் ஓடினார்கள். விழவில்லை. பாசியைப் பார்த்து மகிழ்ந்து போயிருந்தார்.

"சார், இதைப் பாருங்க! சுவர்ல அரசு, படியில பாசி, இடுக்குல பெரணி. ஒரு இடத்துல கூட மனுஷன் கை படல!"

மாதவன் தர்மராஜை மேலும் கீழும் பார்த்தார். "எப்படி சார் இதைச் சாதிச்சீங்க?"

"ஆகட்டும், பாக்கலாம்னு விட்டுட்டேன் சார்," என்றார் தர்மராஜ்.

மாதவன் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பின்னாளில் இயக்ககத்தின் கொள்கை விளக்கக் கையேட்டில் முதல் வாசகமாக அச்சானது அதுதான்.

சில வாரங்களில் தர்மராஜ் வீட்டுச் சுவரில் பித்தளைத் தகடு பதிக்கும் விழா நடந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். பந்தல்கால் ஊன்ற இடைஞ்சலாக இருந்ததால் தெருமுனைப் புங்கமரத்தில் இரண்டு கிளையைக் கழித்தார்கள். மேடையில் தர்மராஜுக்குச் சால்வை போர்த்திவிட்டு மாதவன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இத்தனை வருஷமா இந்தச் சுவரை இவர் தொடவே இல்ல. ஒரு சட்டி சுண்ணாம்பு? இல்ல. ஒரு கரண்டி சிமெண்ட்? இல்ல. இதுக்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேணும்! எங்க இயக்ககத்தோட கொள்கையும் இதேதான். தலையிடாமை! தொடங்கின நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் இந்த ஊர்ல ஒரு குளத்தை நாங்க தொட்டிருப்போமா? ஒரு வாய்க்காலைத் தொட்டிருப்போமா? தூர் வாரச் சொல்லி எத்தனை மனு, எத்தனை நெருக்கடி! அசைஞ்சு குடுத்தோமா? இவரு தனி ஆளா நின்னு செஞ்சதை நாங்க ஒரு ஆபீஸே சேந்து செஞ்சுக்கிட்டிருக்கோம். அவ்வளவுதான் வித்தியாசம்!"

கைதட்டல் அடங்கியதும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். "வாய்க்கால் நாத்தம் தாங்கலிங்க. அதுக்கு எதாவது பண்ணுங்க."

"நல்ல கேள்வி," என்றார் மாதவன். "தண்ணி வேற ஆபீஸ். சாக்கடை வேற ஆபீஸ். கரை வேற ஆபீஸ். எங்ககிட்ட இருக்கிறது தோற்றம் மட்டும்தான். தோற்றத்துக்கு ஏதுங்க நாத்தம்?"

ரெங்கராஜ் தன் கேட்டைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சால்வையின் ஜரிகையில் வெயில் பட்டு அவர் கண்ணிலேயே வந்து விழுந்தது. விரல் நோக டைல்ஸை இழைத்து ஒட்டியவன் இங்கே நிற்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குச் சால்வை!

அதன் பிறகு பேட்டரி கார் நாள் தவறாமல் வந்தது. உள்ளூர், வெளியூர், வெளிநாடு என்று சூழல் சுற்றுலாப் பயணிகள் ஓலைத் தொப்பியோடு இறங்கினார்கள். வழிகாட்டிக்கு இயக்ககமே வசனம் எழுதிக் கொடுத்திருந்தது. "வலப்பக்கம் நீங்க பாக்குறது வாழும் மரபு. இப்ப இடப்பக்கம் திரும்புங்க. மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் பாருங்க. இதுதான் அழிவு."

எல்லோரும் இடப்பக்கம் திரும்பி ரெங்கராஜ் வீட்டைப் பார்த்து "ச்சு, ச்சு" என்பார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டுக்குள் கையை விட்டு அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. ஆனந்தவள்ளி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்காவை டிவியில காட்டுனாங்க. படியில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. நானும் அதே வெங்காயத்தைத்தான் உரிக்கிறேன். இந்த கிரானைட்ல உக்காந்து உரிச்சா எவன் வந்து காட்டுவான்?"

"கிரானைட் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

"நான் ஆயிரம் கேப்பேன். உங்களுக்கு எங்க போச்சு புத்தி? அத்தான் மாதிரி சும்மா இருக்கத் தெரியுதா உங்களுக்கு?"

சும்மா இருக்கத் தெரியவில்லை என்று ரெங்கராஜை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சோறு இறங்கவில்லை. பாதியில் கை கழுவிவிட்டு இயக்ககத்துக்குப் புறப்பட்டார்.

இயக்ககத்தின் கட்டடம் முழுவதும் ஏசி. குளிர் தாங்காமல் மாதவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் வரிசையாக மரங்களின் புகைப்படங்கள். கட்டடம் கட்டுவதற்காக அந்த இடத்தில் வெட்டப்பட்டவை அவை. ஒவ்வொன்றின் கீழும் பெயரும் ஒரு சின்ன மின்விளக்கும் இருந்தன.

"சார், எங்க சகலை வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே காத்து. அவருக்கு மட்டும் தகடு குடுத்தா என்ன நியாயம்?"

"உங்க வீட்ல பாசி இருக்கா?"

"இல்ல சார். நான் சுத்தமா வச்சிருக்கேன்."

"அதான் சார் பிரச்சனை." மாதவனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒழுகுதா?"

"சொட்டுக்கூட ஒழுகாது."

"எலி, பெருச்சாளி?"

"எங்கேர்ந்து வரும்?"

மாதவன் நாற்காலியில் சாய்ந்து ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மனசைத் தளர விடாதீங்க. மீட்டுருவாக்கம்னா என்ன? பழைய நிலைக்குக் கொண்டுபோறது. எந்த வீட்டையும் கொண்டுபோகலாம். முயற்சி பண்ணுங்க. நாங்க வந்து பாக்குறோம்."

ரெங்கராஜ் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. கட்டியதை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாரோ அவ்வளவு ஒழுங்காகக் கெடுக்க ஆரம்பித்தார். முகப்பு டைல்ஸை உளியால் பெயர்த்தார். எல்லாவற்றையும் எடுத்தால் இயற்கையாக இருக்காது என்று இங்கொன்றும் அங்கொன்றுமாக விட்டுவைத்தார். கொல்லைத் தளத்தை உடைத்துப் பள்ளமாக்கித் தண்ணீர் விட்டார். பாசி பிடிக்கப் புளித்த மோர் நல்லது என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் ரசத்தோடு சாப்பாடு முடிந்தது. மோர் முழுவதும் சுவர் குடித்தது. அதற்கு மேல் சாணிக் கரைசல், கழுநீர்.

"மனுஷன் குடிக்க மோர் இல்ல, செவுத்துக்கு அபிஷேகம்!" என்று ஆனந்தவள்ளி கத்தினாள். இருந்தாலும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்துக் கொடுக்கத்தான் செய்தாள். அக்காள் டிவியில் வந்தது அவளுக்கும் செரிக்கவில்லை.

பாசி ஒருவாறு வந்தது. ஆனால் உயிரினங்கள் வரவில்லை. ரெங்கராஜ் கொள்ளிடக் கரையோர வயலுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களைக் கெஞ்சி, மூடி போட்ட வாளி நிறையத் தவளை பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வாளிக்குள் நடந்த அமர்க்களத்தைக் கேட்டுப் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார். தவளைகளைக் கொல்லைப் பள்ளத்தில் விட்டு, "இனிமே இதுதான் உங்க வீடு" என்று அன்பாகச் சொன்னார்.

தவளைகள் சுற்றும் முற்றும் பார்த்தன. மோர் நாற்றம் அடித்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சுவரிடுக்கு வழியாக மேற்குப் பாதிக்குக் குடிபோய்விட்டன.

அந்த வாரமே யாழினி வந்து அவற்றைப் பதிவு செய்தார். செய்தித்தாளில் படத்தோடு வந்தது: 'தர்மராஜ் இல்லத்துக்குத் தவளைகள் திரும்பின.'

திரும்பின! ரெங்கராஜ் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்தவன் நான். திரும்பினவாம்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தர்மராஜ் தலையை நீட்டினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சகலை, உங்க தவளைங்க எல்லாம் இங்கதான் கெடக்கு. விடிய விடியக் கச்சேரி. கண்ண மூட முடியல. புடிச்சுக்கிட்டுப் போயிருங்களேன்."

"நீங்களே புடிச்சு இந்தப் பக்கம் போட வேண்டியதுதானே?"

"நான் தொடக் கூடாதாம். பதிவாயிருச்சாம்."

எவ்வளவு திமிர் பாருங்கள் என்று ரெங்கராஜ் மனைவியிடம் சொன்னார். பதிவாயிருச்சாம்!

அதேபோல ஒரு நாள் மணிமேகலை ஈரத்துணி வாளியோடு வந்தாள். "தம்பி, உங்க மாடியில இந்த நைட்டியக் காயப் போட்டுக்கவா? எங்க வீட்டுக் கொடியில கைத்தறிச் சேலைதான் தொங்கணுமாம். நைட்டி தொங்குனா தோற்றம் கெட்டுப்போகுதாம்." ரெங்கராஜுக்கு அதுவும் பீற்றலாகவே கேட்டது. எந்தத் துணி காய வேண்டும் என்று அரசாங்கமே அக்கறைப்படுகிற குடும்பம்!

கடைசியில் அவர் வீட்டைப் பார்வையிடக் குழு வந்தது. மாதவன் பூதக்கண்ணாடியோடு வந்தார். யாழினி நகத்தால் பாசியைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"மோர் வாசனை வருதே?"

ரெங்கராஜ் மோர்ச் சட்டியைக் காலால் பின்னே தள்ளினார்.

மாதவன் சுவரைத் தடவிப் பார்த்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பெயர்த்த டைல்ஸையும் பெயர்க்காத டைல்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மரணச் செய்தி சொல்லும் மருத்துவரைப் போல ரெங்கராஜின் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிருங்க சார். இதுல உழைப்பு தெரியுது."

"சார், என் சக்திக்கு..."

"அதான் சொல்றேன். உங்க சகலை வீட்ல ஒரு அலட்சியம் இருக்கு. அது ரத்தத்துல வரணும். பாருங்க, நீங்க டைல்ஸை உடைச்சதுகூட நேர்கோட்டுல உடைச்சிருக்கீங்க. எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ஆளு ஒருத்தரையும் நாங்க வச்சுக்கிறதில்ல."

அன்றைக்கு ரெங்கராஜ் சாப்பிடவில்லை. வழிகாட்டியின் வசனமும் மாற்றப்பட்டது. "இடப்பக்கம், போலி" என்று சொல்லத் தொடங்கினார்கள். அழிவு என்று சொன்னபோதாவது ஒரு மரியாதை இருந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. காவிரி சிவந்து ஓடியது. கரைத் தெருவெங்கும் முழங்கால் தண்ணீர். தர்மராஜ் வீட்டில் ஒழுகாத இடம் இல்லை. அண்டா, குண்டான், சொம்பு என்று வைத்துச் சமாளித்தார்கள். மழையிலும் வந்த பயணிகள், பாத்திரங்களில் சொட்டும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். கூரையைக் கொஞ்சம் மராமத்து செய்துகொள்ளலாமா என்று கேட்கத் தர்மராஜ் இயக்ககத்துக்கு நடந்தார். மாதவன் அதிர்ந்துபோனார். "சார், நீங்களா இப்படிப் பேசுறது? ஒழுகலும் மரபுதானே? ஆகட்டும், பாக்கலாம்!"

தன் வாக்கியமே தன்னிடம் திரும்பி வந்தபோது தர்மராஜுக்கு முதல்முறையாக அது பிடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பெரிய சத்தம் கேட்டது. ரெங்கராஜ் கொல்லைக்கு ஓடினார். அரசமரம், மழையில் ஊறிய சுவரைப் பெயர்த்துக்கொண்டு தர்மராஜ் வீட்டு அடுப்படி மேல் சாய்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து மணிமேகலையின் குரல் மெலிதாக வந்தது. தர்மராஜ் பாசிப் படியில் விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, "மேகலை, மேகலை" என்று வெறுங்கையால் செங்கல்லை வாரிக்கொண்டிருந்தார். ரெங்கராஜ் கடப்பாரையோடு சுவர் ஏறிக் குதித்தார். இரண்டு பேருமாக உத்திரத்தைத் தூக்கி, அண்டாக்களுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்தவளை வெளியே இழுத்தார்கள். வலது கை முறிந்திருந்தது. மற்றபடி உயிருக்கு ஒன்றுமில்லை. ஆட்டோவில் ஏற்றி, ரெங்கராஜும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று முழுவதும் தகடு அவர் நினைப்புக்கே வரவில்லை.

மறுநாள் இயக்ககம் வந்தது. இடிபாட்டைச் சுற்றிக் கயிறு கட்டியது.

"யாரும் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது," என்றார் மாதவன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "இது இடிஞ்சு விழுந்ததுன்னு யாரும் சொல்லாதீங்க. நிலத்தோற்றம் அடுத்த கட்டத்துக்கு வளந்திருக்கு. ஒரு சுவர் தானா விழறதுன்னா சாதாரணமா? நாங்க எவ்வளவு நிதி ஒதுக்குனாலும் இப்படி விழ வைக்க முடியாது!" பிறகு கையில் மாவுக்கட்டோடு நின்ற மணிமேகலையைப் பார்த்தார். "அம்மா, சாயங்காலம் ஒரு குழு வருது. நீங்க அந்தக் கல்லு மேல கொஞ்ச நேரம் உக்காந்தீங்கன்னா உயிரோட்டமா இருக்கும்."

மணிமேகலை ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். "உங்க வீட்டம்மாவக் கொண்டாந்து உக்கார வைங்க," என்றாள். அவள் உரக்கப் பேசி அந்தத் தெரு கேட்டது அன்றுதான்.

யாழினி மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாவுக்கட்டைப் பார்த்தபடி நின்றார். அதன் பிறகு அவர் அந்தத் தெருவுக்கு வரவில்லை. வேறு ஊர்த் திட்டத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தர்மராஜும் மணிமேகலையும் கிழக்குப் பாதிக்குக் குடிவந்தார்கள். ரெங்கராஜ் மாடியறையைத் திறந்துவிட்டார். வெளியே மழை கொட்டியது. ரெங்கராஜுக்குப் பக்கத்தில் தர்மராஜ் பாயில் மல்லாந்து படுத்து மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"சகலை," என்றார். "ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஒவ்வொரு மழைக்கும் இந்த மாடியப் பாப்பேன். வயிறு எரியும். எனக்கு மட்டும் நல்ல வீடு கட்ட ஆசை இல்லையா? உங்கள மாதிரி நமக்கு வராது, கட்டிக் கோணலாப் போனா ஊரு சிரிக்கும்னு பயம். அதான் ஆகட்டும், பாக்கலாம்னே ஓட்டிட்டேன். எல்லாரும் உங்களப் பாத்துக் கத்துக்கச் சொல்லுவாங்க. நான் இளிச்சுக்கிட்டு நிப்பேன். உள்ள பத்திக்கிட்டு எரியும்."

ரெங்கராஜ் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளுங்க தகடு கொண்டாந்தப்ப வேணாம்னு சொல்லத்தான் நெனைச்சேன். பாசிக்கு எதுக்குய்யா சால்வை? ஆனா நீங்க கேட்டைப் புடிச்சுக்கிட்டு ஒரு மூஞ்சி வச்சீங்க பாருங்க... அந்த மூஞ்சிக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பு இனித்தாலும், இவனுக்கு உறைக்கவே இல்லையோ என்று ரெங்கராஜ் எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறார்!

"ரொம்ப எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"கேட் போட்டப்பவா, கிரானைட் போட்டப்பவா?"

"கேட் போட்டப்பதான். ஒட்டே தெரியலையே சகலை. ஒருநாள் யாரும் இல்லாதப்ப வந்து தடவிப் பாத்தேன்."

ரெங்கராஜ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

மழை விட்டதும் அவர் செய்த முதல் காரியம் கயிற்றை அறுத்தது. இரண்டாவது, சிமெண்ட் மூட்டை வாங்கி வந்தது. தர்மராஜ் மணல் சலித்துக் கொடுத்தார். ஆனந்தவள்ளி டீ போட்டாள். மணிமேகலை ஒற்றைக் கையால் செங்கல்லை நனைத்தாள். ஊர் பார்க்க, வாழும் மரபின் கொல்லைச் சுவரை ரெங்கராஜ் தூக்குநூல் பிடித்து நேராக எழுப்பினார். ஓட்டை ஒன்று விடாமல் கூரையை அடைத்தார். அப்படியே தன் வீட்டுச் சுவரிலிருந்த மோர்ப் பாசியையும் சுரண்டிக் கழுவினார். வேலை முடிந்த அன்றைக்கு வீட்டில் கெட்டித் தயிர்.

சேதி போய் மாதவன் வந்தார். புதுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார்... மட்டம் வேற பாத்திருக்கீங்களே சார்!"

"பின்ன, கோணலாவா கட்டுவாங்க?" என்றார் தர்மராஜ்.

தகடு கழற்றப்பட்டது. தர்மராஜின் பெயர் கொள்கை விளக்கக் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது. வாக்கியத்தை மட்டும் இயக்ககம் வைத்துக்கொண்டது. பேட்டரி கார் வருவது நின்றது. சகலைகள் இருவரும் தினமும் சாயங்காலம் ஸ்டீல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இயக்ககத்தைக் கரித்துக் கொட்டியபடி காபி குடித்தார்கள். தகடு, சால்வை என்று அலைகிற அற்பப் புத்தி இனி இந்த இரண்டு வீட்டிலும் யாருக்கும் கிடையாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

தை பிறந்து சில நாள் கழித்து, பந்தல்காரர்கள் மறுபடி தெருவுக்குள் வந்தார்கள். கம்புகளை இறக்கியது கடைசி வீட்டு வாசலில். அது வீரமலையின் வீடு. வீரமலைக்கு முசிறியில் பெரிய வாழைத்தோப்பு, அங்கேயே குடும்பம். இந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடுகள் சரிந்து, ஜன்னல் வழியே வேலிக்காத்தான் தலையை நீட்டிக்கொண்டு, உள்ளே கீரிப்பிள்ளைகள் குட்டி போட்டிருந்தன.

இயக்ககம் தகவல் அனுப்பியதும் வீரமலை முசிறி பஸ்ஸில் வந்து இறங்கினார். தன் வீடு எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பந்தலைப் பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தார். மாதவன் அவருக்குச் சால்வை போர்த்தி, "இவர் சும்மாகூட இங்க இருந்ததில்ல! இல்லாமலேயே காத்தவர்!" என்று முழங்கினார். கைதட்டல் தெருக்கோடிவரை கேட்டது.

தர்மராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சகலை, பாத்தீங்களா? நம்மளுக்குப் போட்டதைவிட பெரிய சால்வை."

ரெங்கராஜ் எழுந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அவன் வீட்டுக்கூரையப் பாருங்க. உள்ளேருந்து அண்ணாந்தா வானம் தெரியும் போல."

"செவுரு ஒண்ணுகூட முழுசா இல்ல."

"ஒரு நாளு, ஒரு பொழுது, ஒரு துரும்பத் தூக்கிப் போட்டிருப்பானா?"

இருவரும் அந்த இடிந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ரெங்கராஜ் பெருமூச்சு விட்டார்.

"குடுத்து வச்சவன்," என்றார்.